யாருடைய தூசி?

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கிற ரம்யா போனில் கூப்பிட்டாள். "மேடம், டார்க் ரூம் காலத்து அனுபவம் ஒண்ணு எழுதித் தாங்க. எங்க பேட்ச்ல யாரும் டார்க் ரூமைக் கண்ணால பார்த்ததில்ல. கொஞ்சம் ரசமா இருக்கட்டும்" என்றாள்.

ரசமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு, பிலிம் கழுவுகிற ஃபிக்ஸர் தொட்டியின் புளித்த வாசனை, ஈரப் படங்களைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவது என்று இரண்டு பக்கம் போயிற்று. படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். அந்த அறையை நினைத்தால் எனக்கு ரசம் வரவில்லை, ஆத்திரம் வருகிறது. வருகிறதை எழுதுகிறேன். மலரில் இடமில்லை என்றால் ரம்யா மட்டுமாவது படிக்கட்டும்.

நான் திருவனந்தபுரத்தில் வலியசாலைக்காரி. பி.எஸ்ஸி. முடித்ததும் அப்பா பாங்க் பரீட்சை எழுதச் சொன்னார். நான் ரேடியோகிராபி டிப்ளமாவில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் எலும்பும் இயந்திரமும் படித்தேன். முதல் போஸ்டிங் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி. ரிட்டயர் ஆனதும் அங்கேயேதான். எங்கள் தெருவில் இந்த வேலைக்கு என்ன மரியாதை என்று ஒன்று சொன்னால் போதும். எதிர் ஆத்து மாமி கொலுவுக்கு வருவாள், பாட்டுப் பாடுவாள், தாம்பூலம் வாங்கிக்கொள்வாள். தீர்த்தம் கொடுத்தால் மட்டும், "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்டீ" என்பாள். எத்தனை வருஷம் வந்தாலும் அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பாள். டி.பி. ஆஸ்பத்திரிக் காற்று என் புடவைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவளுக்கு நினைப்பு. நான் சிரித்துக்கொள்வேன். சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகு ஸ்டெல்லா என்ற நோயாளியைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

நெஞ்சுப் படம் எடுப்பது லேசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆளைப் பலகையோடு சேர்த்து நிற்க வைக்க வேண்டும். தாடை மேலே. இரண்டு கையும் இடுப்பில். முழங்கையை முன்னால் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகும். பின்னலைத் தூக்கி உச்சியில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் நிழல் நோய் மாதிரி விழும். கழுத்தில் எதுவும் கிடக்கக்கூடாது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களிடம் நான் தகராறு பண்ணியதில்லை. "பல்லால கடிச்சுக்கோ" என்பேன். பிறகு, "மூச்சை நல்லா இழு. பிடிச்சுக்கோ." அந்தப் பிடிப்பில்தான் படம்.

காசெட் என்பது பிலிமை உள்ளே வைத்து மூடுகிற தட்டையான பெட்டி. அதன் உள்பக்கம் ஒரு திரை ஒட்டியிருக்கும். அந்தத் திரையில் ஒரு பொடி தூசி விழுந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்துவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் பஞ்சால் ஒவ்வொரு திரையையும் துடைப்பேன். ஒவ்வொரு காசெட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் படத்தின் மூலையில் விழும். எந்தப் படம் எந்தக் காசெட்டில் எடுத்தது என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. என் மேலதிகாரி டாக்டர் லீலாம்மா வைத்த சட்டம்.

லீலாம்மா டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் இது நகராது. உயரமான மனுஷி. வெளுத்த காட்டன் புடவை. நோயாளி தமிழ் ஆள் என்றால் தமிழில் தொடங்குவார், இரண்டு வாக்கியத்துக்குள் மலையாளத்துக்கு வந்துவிடுவார். யாரையும் நின்றுகொண்டு பேச விடமாட்டார், "இரிக்கு, இரிக்கு" என்று ஸ்டூலைக் காட்டுவார். ஈரம் காயாத படத்தைத் தொடமாட்டார். படம் காய்ந்து வந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டி, முதலில் வாயைத் திறக்காமல் பார்ப்பார். அவர் பார்க்கும்போது யாராவது பேசினால் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. அதன்பிறகு மற்ற டாக்டர்கள் செய்யாத ஒன்றைச் செய்வார். நோயாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பென்சிலின் மழுங்கின முனையால் காட்டுவார். "இது உன் ஹார்ட். இது உன் வலது நுரையீரல். இது உனக்கு வந்திருக்கிறது. உன் நெஞ்சு, நீ பார்க்க வேண்டாமா?"

இன்னொரு பழக்கமும் உண்டு. சீட்டில் தொழில் என்ற இடத்தில் கவுண்டர் கிளார்க் எல்லாருக்கும் 'கூலி' என்று எழுதிவிடுவார். டாக்டர் அதை அடிப்பார். "கூலி என்றால் என்ன வேலை? தேங்காய் பறிக்கிறவனும் கூலி, கல் உடைக்கிறவனும் கூலி. ரெண்டு பேருக்கும் ஒரே நுரையீரலா?" நோயாளியிடம் கேட்டு, தானே எழுதுவார்.

ஸ்டெல்லாவின் சீட்டிலும் அப்படித்தான் எழுதினார். 'கல் உடைக்கும் கிரஷர். சல்லி சலித்தல்.'

பிலிம் காலத்தின் கடைசிப் பத்து வருஷத்தில் நடந்தது இது. ஸ்டெல்லா நெய்யாற்றின்கரைக்கும் அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஒரு ஊரிலிருந்து வந்தாள். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் பிழைக்க வேண்டியிருக்கிறது. வயது முப்பத்தைந்துக்குள்தான். படி ஏறி வந்து பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர்ப்பக்கத்துத் தனியார் கிளினிக்கில் டி.பி. என்று சொல்லி ஒரு கோர்ஸ் மாத்திரை முடித்து, குறையாததால் இரண்டாவது கோர்ஸும் முடித்திருந்தாள். அவள் புருஷன் அவள் சல்லி சலித்த கல் குவாரியிலேயே பாறை துளைக்கிற மெஷின் பிடித்தவன். அவனுக்கும் டி.பி. என்றே சொல்லி, டி.பி. என்றே புதைத்திருந்தார்கள்.

படம் எடுத்தேன். மேல்பகுதி இரண்டிலும், இடது வலது வித்தியாசமில்லாமல், ரவையை அள்ளித் தூவினது போலப் பொடிப் பொடியாக வெள்ளை. சளியை மூன்று தடவை சோதித்தும் கிருமி இல்லை.

டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பென்சில் அந்த ரவையின்மேல் ஊர்ந்தது. "ஸ்டெல்லா, இது டி.பி. அல்ல. இது கல். நீ சலித்த கல்லின் பொடி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. சிலிக்கோசிஸ் என்று பேர்."

அவள் முதலில் கேட்டது, குணமாகுமா என்றில்லை. "இது ஒட்டுமா டாக்டரம்மா?"

"ஒட்டாது. ஒருத்தர்க்கும் ஒட்டாது."

"அப்பம் அதை எழுதித் தாங்க. எனக்க மவ ஜெபாவை பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல தனியா இருத்தியிருக்கு. கஞ்சிக்கு அவளுக்க தட்டு வேற. அப்பனுக்கும் டி.பி., அம்மைக்கும் டி.பி.ன்னு பிள்ளைகள் அவகூட விளையாடாது. வீட்டுல நான் குடிக்கிய டம்ளரை அவளே தனியா கழுவி வைக்கியா. எட்டு வயசுதான் ஆச்சு பாத்துக்கிடுங்க." இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நாலு வார்த்தை, நின்று ஒரு மூச்சு, பிறகு நாலு வார்த்தை.

டாக்டர் எழுதினார். குணமாகாது என்பதையும் சொன்னார், அவர் மறைக்கிற ஆளில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "கோமதி, அந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் டி.பி. மாத்திரை தின்கிறார்களோ தெரியல்ல. நம்ம போர்ட்டபிள் மெஷின் ஓடுமோ?" என்றார்.

ஓடியது. ஒரு மாதத்துக்குள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட அனுமதி வாங்கினார். எப்படி வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஊரை நான் பார்த்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். மலையில் பாதி இல்லை. கேக்கை வெட்டி எடுத்த மாதிரி ஒரு பக்கம் செங்குத்தாக நின்றது. டிப்பர் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. திருவனந்தபுரத்தில் எழும்புகிற மாடிகள், ரோடுகள், கடலரிப்பைத் தடுக்கக் கடலில் கொட்டுகிற பாறைகள், இவற்றுக்கெல்லாம் கல் அங்கேயிருந்து போனது. அந்த மலையிலிருந்து போன கல்லுக்கு அந்த ஊர் தங்கத்தில் மிதந்திருக்க வேண்டும். கிணறுகளில் தண்ணீர் இல்லை. வெடி வைத்து வைத்து ஊற்றுக்கண் எங்கோ விலகிப் போயிருந்தது. ரோடு டிப்பர் போகத்தான் இருந்தது. மனுஷர் போனால் முழங்கால் வரை புழுதி. பள்ளிக்கூடத்துக்குக் குவாரி முதலாளி கறுப்புக் கிரானைட்டில் பளபளவென்று ஒரு வாசல் கட்டிக் கொடுத்திருந்தார், தன் அப்பா பெயரைப் பொறித்து. வாசலைத் தாண்டி உள்ளே போனால், வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து ஓடுவரை விரிசல். என் விரல் உள்ளே போயிற்று.

மெஷினை இறக்கி வைத்தோம். பள்ளிக்கூடத்துக் கரண்டில் அது எழும்பவே இல்லை. பல்பே மினுக்கு மினுக்கென்று எரிந்தது. தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். "இங்கே எப்பவும் இப்படித்தான். கம்ப்யூட்டர் வந்து ரெண்டு வருஷமாச்சு, பெட்டியிலேயே இருக்கு." பக்கத்து வளைவில் கிரஷருக்கு மட்டும் தனி ட்ரான்ஸ்ஃபார்மர் நின்றுகொண்டிருந்தது.

அப்போது முதலாளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. அவர் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அத்தனை மரியாதை. "டாக்டரே, ஜனங்களுக்குச் செய்யுற சேவை. என் லைன்ல இருந்து ஒயர் இழுத்துத் தரச் சொல்றேன்."

டாக்டர் மறுப்பார் என்று நினைத்தேன். "இழுக்கட்டும். அவரோட கரண்டே படம் எடுக்கட்டும்" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "ஆனா கிரஷர் நிக்கணும். தரை அதிர்ந்தா படம் கலங்கும்."

"காலைப் பொழுது நிறுத்தினா எனக்கு எவ்வளவு நஷ்டம்னு டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வருஷக்கணக்கா இருமினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். கிரஷரை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அது நின்றதும் நடந்ததை நான் மறக்கமாட்டேன். அடுத்த வகுப்பில் ஒரு டீச்சர் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது தெரியாமல் இன்னும் ஒரு வரி கத்தினாள். பிறகு தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் மெதுவாகப் பேசிப் பழக்கமே இல்லை. கல்லைப் பிறகு பேசலாம், ஒரு பிள்ளை பாடத்தைக் காதால் கேட்க வேண்டாமா?

படம் எடுக்க ஆள் வரவில்லை. வெளியே மரத்தடியில் கூட்டம் நின்றது, உள்ளே வர பயம். படம் எடுத்துக்கொள்கிறவன் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியாகிவிட்டது என்று ஸ்டெல்லா சொன்னாள். ஏற்கெனவே வேலைக்குப் போக முடியாமல் விழுந்துவிட்டவர்கள் மட்டும், பெரும்பாலும் பெண்கள், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நிற்க முடிந்தவன் ஒருவன்கூட வரவில்லை. சல்லி லோடு ஏற்றுகிற தாசையன் என்று ஒருவர், ஸ்டெல்லாவின் புருஷனோடு வேலை பார்த்தவர், வாசல்வரை வந்து என் மெஷினைப் பார்த்தார். "நல்லா இருக்கேன் எம்மா" என்று இருமிவிட்டுத் திரும்பிப் போனார்.

மெஷினைக் கட்டி வைத்த பிறகு டாக்டர் ஒன்று செய்தார். தலைமையாசிரியரையும் டீச்சர்களையும் வைத்துக்கொண்டு, "ஸ்டெல்லா, தாகமா இருக்கு. உன் வீட்டிலிருந்து கொஞ்சம் வெள்ளம் கொண்டுவா. நீ குடிக்கிற டம்ளரில்" என்றார். வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான். ஜெபா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கொடுக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது அம்மைக்க டம்ளர்" என்றாள், எச்சரிக்கிற மாதிரி. டாக்டர் வாங்கி, வாய் வைத்துக் குடித்தார். பாதியை என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். தூசி கலந்த தண்ணீர், நாக்கில் நறநறத்தது. தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து ஜெபா இரண்டாவது பெஞ்சுக்கு வந்தாள் என்று பிறகு தெரிந்தது. இந்தக் கதையில் நாங்கள் ஜெயித்தது அந்த ஒரு இடம்தான். அதனால் அதைச் சொல்லிவிட்டேன்.

மிச்சத்துக்கு வருகிறேன்.

முகாமில் எடுத்த படங்களிலும் அதே ரவை. டாக்டர் முதலில் ஸ்டெல்லாவின் கேஸை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார். வேலையால் வந்த தூசி நோய் என்று அந்தக் குழு ஒத்துக்கொண்டால், வைத்தியச் செலவு முதலாளி தலையில். அதைவிடப் பெரிய விஷயம், குவாரியில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும், ஆட்களுக்கு முகமூடி கொடுக்க வேண்டும், எல்லாரையும் வருஷா வருஷம் பரிசோதிக்க வேண்டும். ஒரு ஸ்டெல்லாவை ஒத்துக்கொண்டால் ஊரையே ஒத்துக்கொள்ள வேண்டும். அது அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

படத்தின் தரத்தைப் பற்றிக் கேள்வி இருக்கிறது என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழுத் தலைவர் நகரத்தில் பெயரெடுத்த டாக்டர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்யாணப் பத்திரிகை பார்க்கிற மாதிரி பார்த்தார். "இதில் புள்ளிகள் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் இது காசெட் தூசி. சர்க்கார் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா?" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெண்ணின் நெஞ்சில் இருக்கிற கல், என் பெட்டியில் இருக்கிற அழுக்காம். நான் வாயைத் திறப்பதற்குள் லீலாம்மா டாக்டர் மேஜையில் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினார், தன் சொந்த அறை மாதிரி.

"சந்தேகம் நியாயமானது. திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்கள் முன்னால் திரையைத் துடைப்போம். ரெண்டு வேறு காசெட்டில், அடுத்தடுத்து ரெண்டு படம். காசெட் தூசி என்றால் புள்ளி இடம் மாறணும். நோய் என்றால் மாறாது."

தலைவர் வரவில்லை. உதவியாளர் ஒருவரை அனுப்பினார். நான் அந்த மனுஷர் கையிலேயே பஞ்சைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். ஸ்டெல்லாவை நிறுத்தினேன். இரண்டு தடவை மூச்சைப் பிடிக்க வைப்பது அவளுக்குக் கொலைக்குச் சமம் என்று எனக்குத் தெரியும். முதல் படம் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "எடுங்க அக்கா, நல்லா எடுங்க" என்றாள். இரண்டும் காய்ந்து வந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் ரவைமேல் ரவை உட்கார்ந்தது. உதவியாளர் பார்த்தார். "மேடம், எனக்கு மனசிலாயி, புரிஞ்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை தலைவர் படங்களைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சரி, தூசி என்று ஒத்துக்கொள்கிறோம். யாருடைய தூசி?"

எனக்குப் புரியவில்லை. குவாரியின் மேனேஜர் எழுந்து நின்று, ஸ்டெல்லா என்று ஒரு பெண் தங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்றார். காண்ட்ராக்டர் யாரையாவது கூட்டிவந்திருக்கலாம். அவர் இப்போது கல்ஃபில் இருக்கிறார். வழியோரத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ரோட்டுத் தூசிகூட வரலாமே. அடுப்புப் புகைகூட இருக்கலாமே. ஸ்டெல்லா எழுந்தாள். "சாரே, நீங்கதானே எனக்கு சல்லடை எடுத்துத் தந்தியோ? உங்க மூத்த பிள்ளைக்க கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் வந்தோமே..." அதற்குமேல் மூச்சு வரவில்லை. மேனேஜர் அவளைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல, இரக்கத்தோடு பார்த்தார்.

கேஸ் தள்ளுபடி. அந்த வருஷமே டாக்டர் லீலாம்மாவைக் கேரளத்தின் மறுகோடியில் இருக்கிற காசர்கோட்டுக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணம்.

கொஞ்ச நாள் முன்பு டிவியில் ஒரு பேராசிரியர் பேசினார். எண்ணெயும் வைரமும் தாமிரமும் இருக்கிற ஏழை நாடுகளில்தான் ஜனங்கள் படிப்பில்லாமல், ஆயுசில்லாமல் போகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். இதற்கு 'வளத்தின் சாபம்' என்று பெயராம். என் ஆத்துக்காரர், "நன்னாச் சொல்றார், இல்லையா?" என்றார். நான் டிவியை அணைத்துவிட்டேன். என்ன சாபம்? எந்த முனிவர் கொடுத்தது? சாபம் என்றால் யாரும் செய்யவில்லை, தானாக வந்தது என்று ஆகிவிடுகிறதே! நான் அந்த மனுஷர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஒருவர் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒருவர் சல்லடை கொடுத்த பெண்ணைத் தெரியாது என்றார். எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. மலை எந்தப் பாவமும் செய்யவில்லை. அது சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்தக் குவாரி இப்போது மூடிக் கிடக்கிறது. சட்டம் வந்து மூடவில்லை, கல் தீர்ந்துவிட்டது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. முதலாளி வேறு மலைக்குப் போய்விட்டார்.

கேஸ் தள்ளுபடியான பிறகும் ஸ்டெல்லா ஆறேழு வருஷம் இருந்தாள். கடைசி வருஷம் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். அவள் போய்விட்டாள் என்று ஜெபா எனக்குப் போன் செய்தாள். நான் காசர்கோட்டில் இருந்த லீலாம்மா டாக்டருக்குச் சொன்னேன். "நான் வந்து சேர முடியாது. நீ போ கோமதி. எனக்காகவும் சேர்த்துப் போ" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாலிஷ் போட்ட ஒரு கறுப்புக் கிரானைட் பலகை. மேனேஜர் இறங்கினார். "முதலாளி அனுப்பியிருக்காரு. கல்லறைக்கு. பேரு அப்புறம் வெட்டிக்கலாம். காசு ஒண்ணும் வேண்டாம்" என்று பாஸ்டரிடம் சொன்னார். தெரியவே தெரியாத பெண்ணுக்குக் கல்!

ஜெபா அப்போது பத்தாவது. அம்மாவின் செருப்பை ஒரு பையில் போட்டு மார்போடு வைத்திருந்தாள். நேரே லாரியிடம் போனாள். "எங்க அம்மைக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

பாஸ்டர், "மோளே, தருகிறவங்க மனசைப் பார்க்கணும்..." என்று தொடங்கினார்.

"மனசைத்தான் பாஸ்டரே பாத்தேன். வேண்டாம்."

மேனேஜர் அவளிடம் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "தாசையா, வா. செல்வராஜே, பிடி. இறக்குங்க" என்றார். அங்கே நின்றவர்களில் லோடிங் ஆட்கள் ஆறு பேர். சவப்பெட்டியைத் தூக்கி வந்ததும் அவர்கள்தான். அன்றைய கூலி அந்த மனுஷரிடம், நாளைய கூலியும் அவரிடம். தாசையன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவர் குனிந்து, குழி வெட்டிய மண்வெட்டியை எடுத்து, ஸ்டெல்லாவின்மேல் இன்னும் ஒரு வெட்டு மண் தள்ளினார். பிறகு அடுத்தவரிடம் நீட்டினார். ஆறு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு மண் தள்ளினார்கள். மேனேஜர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. அந்தச் சந்தில் லாரியைத் திருப்ப இடமில்லை. கல்லைச் சுமந்துகொண்டு ரிவர்ஸிலேயே போயிற்று.

அடுத்த வாரம் ஆறு பேரும் எங்கள் எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "வேலை போச்சு எம்மா. இனி என்ன பயம்? எங்களையும் எடுங்க" என்றார் தாசையன்.

எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் யாருக்கும் பிடி நிற்கவில்லை. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே கொஞ்சம் அமைதி கிடைக்கும். அதற்காகக் காத்திருந்து, அது வந்ததும் பொத்தானை அழுத்தினேன். ஒரு படம்கூடக் கலங்கவில்லை. ஆறையும் கம்பியில் தொங்கவிட்டேன். ஆறிலும் ரவை.

லீலாம்மா டாக்டரின் இடத்துக்கு வந்திருந்தவர் இளவயசுக்காரர், டாக்டர் அஜித். வந்ததிலிருந்து யாரிடமும் சண்டை போடாமல், பைலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சந்தடியில்லாமல் இருந்த ஆள். காய்ந்த படங்களை அவர் மேஜையில் வைத்தேன். ஆட்களையும் உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன், அவர் சொல்லாமலே. ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஆறாவது படத்தை மாட்டிவிட்டு, சீட்டுகளை முன்னால் இழுத்தார். ஆறிலும் 'கூலி' என்று இருந்தது. ஆறையும் அடித்தார்.

"கோமதி சேச்சி, இதை எழுதினா என்னை எங்கே மாத்துவாங்க?"

"காசர்கோட்டுக்கு, டாக்டர்."

"அங்கே நல்ல மழை உண்டு, அல்லே?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்து, தாசையனின் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.